கண்ணாடித் தொட்டிக்குள் கடல் – எங்கள் குழுவின் அனுபவம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், கடற்கரை ஊர்க் குழு ஒன்றின் உறுப்பினர்கள் வழங்கிய அனுபவ உரை. வர இயலாத சகோதரிகளும் படித்துப் பயன்பெற இங்கே வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் உள்பகுதி ஊர்க் குழு அக்கா ஒருவர் எழுந்து கேட்டார். "கடலையே பெட்டிக்குள்ள பிடிச்சு வெச்சு வியாபாரம் பண்றீங்களாமே, அது எப்படித்தா? எங்களுக்கும் சொல்லுங்க." எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று மேடைக்கு வந்திருக்கிறோம். லாபக் கதையை மட்டும் சொல்லப் போவதில்லை. நட்டப்பட்டதையும் சொல்கிறோம், ஒரு சமயம் தப்பான வழிக்குப் போக இருந்ததையும் சொல்கிறோம்.

நாங்கள் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர். குழுவில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் சின்ன வயதிலிருந்து கடலில் இறங்கிப் பாசி எடுத்தவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாசி பறிப்பதுதான் எங்கள் தொழில். வயது ஏறினால் மூச்சு நிற்காது. மாற்று வருமானம் வேண்டும் என்றுதான் கடல் அலங்கார மீன் வளர்ப்புக்கு வந்தோம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம், கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. விரல் நகம் அளவு குஞ்சை வாங்கி, சில மாதம் வளர்த்து, விற்கும் அளவுக்குக் கொண்டு வருவது எங்கள் வேலை. மீன் வாங்குகிறவர்களுக்குத் தொட்டி அமைத்துக் கொடுப்பதையும் பிறகு சேர்த்துக்கொண்டோம்.

பவளம் கல்லா, செடியா?

பெரிய பவளத் தொட்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீல வெளிச்சம், பூப்பூவாய் விரிந்த பவளம், நடுவில் ஆரஞ்சு நிற மீன். பணக்கார வீட்டு வரவேற்பறையில் வைப்பார்கள். இதை ரீஃப் டேங்க் என்கிறார்கள். இதில் வைத்திருப்பது என்ன என்று தெரிந்தால்தான் பராமரிப்பு புரியும்.

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. அது உயிர். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கடல் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த வீடுதான் நாம் பார் என்று சொல்லும் பவளப்பாறை. அந்த உயிரின் உடம்புக்குள் ஒரு நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது, பவளம் இருக்க இடம் கொடுக்கிறது. நம் குழு மாதிரி கொடுக்கல் வாங்கல்தான். தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்று இரண்டு டிகிரி சூடாகிச் சில வாரம் அப்படியே நின்றால் இந்த உறவு முறிந்துவிடும். பாசி வெளியேறும், பவளம் வெளுத்துப் போகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் நம் மன்னார் வளைகுடாவிலேயே பவளம் இப்படி வெளுத்தது.

பந்து மாதிரி உருண்டு வளரும் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நடுவிலிருந்து ஓரம் வரை முப்பது சென்டிமீட்டர் என்றால் அதற்கு முப்பது வயது. நம் வீட்டு மூத்த பிள்ளை வயது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொட்டி வைக்கும் முறை

ஆறு அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். இருபத்து நான்கு கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 680 லிட்டர் தண்ணீர். தண்ணீர் மட்டும் 700 கிலோ கனக்கும். கண்ணாடி, பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். ஆகவே முதல் கேள்வி மீனைப் பற்றியது இல்லை, தரையைப் பற்றியது. கீழ்த்தளமா, தரை மட்டமா, தாங்கி இரும்பா என்று பார்க்க வேண்டும். ஜன்னல் வெயில் நேரே படாத இடம் வேண்டும்.

தண்ணீரை ஓட்ட மோட்டார் வேண்டும். கடலில் அலை நிற்பதில்லை, தொட்டியிலும் நிற்கக் கூடாது. தொட்டிக்குக் கீழே இன்னொரு சின்னத் தொட்டி வைத்து அதில் வடிகட்டி, நுரை எடுக்கும் கருவி எல்லாவற்றையும் வைப்பார்கள். நுரை எடுக்கும் கருவியை புரோட்டீன் ஸ்கிம்மர் என்பார்கள். பருப்பு கொதிக்கும்போது மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துப் போடுகிறோமே, அதே வேலைதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி விஷமாகும் முன்பே நுரையோடு வெளியே வந்துவிடும்.

உப்பு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 680 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 24 கிலோ. சமையல் உப்பு உதவாது. கடல் தண்ணீரில் உப்போடு சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் என்று பலதும் இருக்கின்றன. உள்பகுதி ஊர்க்காரர்கள் அதற்கென்று விற்கும் கடல் உப்பைத்தான் ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். நாங்கள் சுத்தமான இடத்துக் கடல் தண்ணீரைத் தெளிய வைத்து, வடிகட்டிப் பயன்படுத்துகிறோம்.

மீன் மட்டும் என்றால் இவ்வளவு போதும். பவளமும் வேண்டும் என்றால் வேலை இரட்டிப்பு. தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலுக்குக் குளிரூட்டும் கருவி இல்லாமல் முடியாது. வெயிலுக்கு ஈடான விளக்கு தினம் எட்டு முதல் பத்து மணி நேரம் எரிய வேண்டும். பவளம் வீடு கட்டச் சுண்ணாம்பை இழுத்துக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் குறையாமல் பார்த்து, அளந்து சேர்க்க வேண்டும். தொட்டியின் விலையைவிடக் கரண்ட் பில் பெரிய செலவு என்று வைத்திருப்பவர்களே சொல்வார்கள்.

நாங்கள் தோற்ற கதை

இப்போது முக்கியமான பாடம். தண்ணீர் ஊற்றி, உப்புச் சேர்த்து, மோட்டார் ஓட விட்டால் தொட்டி தயார் என்று நினைப்போம். அது தயார் இல்லை.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரேட் ஆக்கும். அதை மீன் ஓரளவு தாங்கும், தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு வகை நுண்ணுயிரும் பாறையிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போட்டு, நுண்ணுயிரைப் பழக்க வேண்டும். பரிசோதனைத் திரவம் விட்டுப் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று ஆன பிறகுதான் இரண்டு மீன். பிறகு இன்னும் இரண்டு.

பயிற்சியில் இதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தார்கள். நோட்டிலும் எழுதி வைத்திருந்தோம். ஆனால் வங்கித் தவணை நாள் நெருங்கியது. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, இதுக்கு மேல என்ன தெளியணும்?" என்று நாங்களே பேசிக்கொண்டு, பத்தாம் நாளே நாற்பது குஞ்சை விட்டோம். மூன்று நாள் நன்றாக நீந்தின. நான்காம் நாள் காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்று செத்துவிட்டன. தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. விஷத்துக்கு நிறம் இல்லை சகோதரிகளே.

அன்று ராத்திரி ஒருவரை ஒருவர் கை காட்டினோம். "நீதானே விடச் சொன்ன", "நீதானே தீனி அதிகம் போட்ட" என்று சத்தம். குழு உடைந்துவிடும் என்றே பயந்தோம். மறுநாள் கூட்டத்தில் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். முடிவு எடுத்தது எல்லாரும், ஆகவே நட்டமும் எல்லாருக்கும் சமம். இனிமேல் பரிசோதனை அளவை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மீன் விடுவது. அந்த நோட்டு இன்றும் நடக்கிறது.

அன்றாடப் பராமரிப்பு

வேலை கனமானது இல்லை. ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது.

1. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழம்பு சுண்டினால் உப்பு ஏறும், அதில் மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றுவோமா? ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். எங்களில் ஒருவர் இதை மறந்து ஒரு வாரம் கடல் தண்ணீரே ஊற்றிவிட்டார். உப்புமானியில் பார்த்ததால் தப்பித்தோம்.

2. வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, அதே உப்பும் அதே சூடும் உள்ள புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆறடித் தொட்டிக்கு ஐந்து குடம் கணக்கு.

3. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான். பாசத்தால் அள்ளிப் போட்டால் பாசமே விஷம்.

4. கையில் சோப்பு, எண்ணெய் இருக்கக் கூடாது. தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிக்கக் கூடாது. செம்பு, பித்தளைப் பாத்திரம் படக் கூடாது. செம்பு கலந்தால் மீன் ஒருவேளை தாங்கினாலும் பவளமும் இறாலும் தாங்காது.

5. உப்புத் தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கின்றன. ஒயர் சுவிட்சுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போது வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும். கசிவு வந்தால் தானாக அணையும் டிரிப்பர் கட்டாயம். கை விடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

6. கரண்ட் போனால் முதலில் தேவைப்படுவது காற்று. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

கோமாளி மீன் குடும்பம்

இந்த மீனைப் பற்றி ஒரு சேதி சொன்னால் எங்கள் ஊரில் எல்லாரும் சிரிப்பார்கள். கோமாளி மீன் பிறக்கும்போது பெண்ணே கிடையாது. கூட்டத்தில் பெரியதாக வளருவது பெண்ணாக மாறும். அதுதான் குடும்பத் தலைவி. அடுத்தது அதற்குத் துணை. முட்டைக்குக் காவல் இருந்து, துடுப்பால் விசிறிக் காற்று கொடுத்து, கெட்டுப்போன முட்டையைப் பொறுக்குவது பெரும்பாலும் ஆண் மீன். ஏழெட்டு நாளில், ராத்திரி இருட்டில் குஞ்சு பொரிக்கும். பெண் செத்துப்போனால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். "எங்க வீட்டு ஆம்பளைய ஒரு வாரம் அந்தத் தொட்டி பக்கத்துல உக்கார வைக்கணும்" என்று எங்கள் பிரதிநிதி சொல்வார்.

கடலில் இது கடல் சாமந்தியோடு வாழும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீனுக்கு அது இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு பானை ஓடு கொடுத்தால் அதையே வீடாக்கிக்கொள்ளும். கடலிலிருந்து பிடிக்காமல் இப்படி வளர்த்த மீன் தீனிக்கும் தொட்டிக்கும் பழகியிருக்கும், நோயும் குறைவு. வாங்குகிறவர்கள் திரும்ப வருவது அதனால்தான்.

பவளம் கேட்டு வந்தவர்

இனிச் சொல்வதுதான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது.

மீன் செத்த அந்தக் காலத்தில், வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். ஒரு பெரிய வீட்டுக்குப் பவளத் தொட்டி அமைக்கிறாராம், உயிர்ப் பவளம் வேண்டுமாம். "கடல்காரங்க நீங்க, உங்களுக்குக் கல்லுக்கா பஞ்சம்? பாசிக்கு முங்குறப்ப நாலு கொத்து எடுத்துட்டு வாங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாதத் தவணை.

உண்மையைச் சொல்கிறோம், உடனே வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஒருத்திக்கு மகள் காலேஜ் கட்டணம் நின்றது. இன்னொருத்திக்கு வீட்டுக்காரர் படகில் விழுந்து காலில் கட்டு. "ஒரே ஒரு தடவை" என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்போது எங்களில் மூத்த அக்கா பேசினார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் பவளக் கல்லை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் அனுப்புவது சாதாரணத் தொழில். அவர் வீட்டுக்காரரும் போயிருக்கிறார். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நம் கடலில் இருபத்தொரு தீவு என்று பள்ளியில் படிக்கிறோம். அதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றி இருந்த பாரை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போனது. அக்கா சொன்னார்: "அன்னைக்கு வயித்துக்கு இல்லாம உடைச்சோம், தெரியாமலும் உடைச்சோம். இன்னைக்குத் தெரிஞ்சே, யார் வீட்டு அலங்காரத்துக்கோ உடைக்கணுமா? முப்பது வருசம் வளந்தத முப்பது நிமிசத்துல உடைச்சுக் குடுத்தா, அடுத்த தவணைக்கு எத உடைப்ப?"

யாரும் பேசவில்லை. பார் இருந்தால்தான் மீன் குஞ்சுக்கு ஒதுங்க இடம், பாசிக்குப் பிடிமானம், கரைக்குக் காவல் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1986-லேயே இந்தத் தீவுப் பகுதி தேசியப் பூங்கா ஆகிவிட்டது. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ பவளத்துக்கும் அதே பாதுகாப்பு. பிடிபட்டால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வியாபாரி காரில் போய்விடுவார், கடலில் இறங்கியவள்தான் மாட்டுவாள். கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தைக்கூட எடுத்து விற்கக் கூடாது.

வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். தவணைக்கு வழி? இந்தக் கூட்டமைப்பிடம்தான் வந்தோம். குறுகிய காலக் கடன் கொடுத்தீர்கள். நான்கு மாதத்தில் வட்டியோடு கட்டி முடித்தோம். கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கள் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்தோம். அந்தப் பிள்ளை இன்று படித்து முடித்துவிட்டது. அன்று நீங்கள் கை கொடுக்காமல் இருந்திருந்தால், எங்கள் தீர்மானம் எத்தனை நாள் தாங்கியிருக்குமோ, சொல்ல முடியாது. பட்டினியோடு நேர்மையாக இரு என்று சொல்வது சுலபம். நேர்மையாக இருக்க ஒரு கடன் கொடுப்பதுதான் உதவி.

பிறகு எங்களிடம் மீன் வாங்கும் வீடுகளுக்கு நாங்களே நேரில் போய்ப் பேசினோம். பவளம் தர மாட்டோம், பவளப்பாறை மாதிரி இருக்கும் தொட்டி தருகிறோம் என்றோம். சிமெண்டில் குகையும் மேடுமாகப் பாறை செய்து, அதன் காரம் போகும்வரை பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்து, பிறகு தொட்டியில் வைக்கிறோம். சில மாதத்தில் அதன் மேல் நுண்ணுயிர் குடியேறி, பாசி படர்ந்து, நிஜப் பார் மாதிரியே ஆகிவிடும். மதுரையில் ஒரு வீட்டில் ஆறடித் தொட்டி இப்படித்தான் ஓடுகிறது. அந்த வீட்டுப் பாட்டி தினமும் சாயங்காலம் அதன் முன் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறாராம்.

சகோதரிகளே, தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் சின்னதாகத் தொடங்குங்கள். முதலில் பயிற்சி எடுங்கள். கடன் வாங்கும்போது, முதல் இரண்டு மாதம் வருமானம் வராது என்று கணக்குப் போட்டுத் தவணை கேளுங்கள். நாங்கள் அதைச் செய்யாததால்தான் முப்பத்தொரு குஞ்சைப் பறிகொடுத்தோம். சந்தாப் பணம் பத்து ரூபாயாகச் சேர்ந்து எப்படி முதலாகிறதோ, அப்படித்தான் தொட்டியில் தண்ணீரும் பக்குவப்படும், கடலில் பவளமும் வளரும். இரண்டையும் அவசரப்படுத்த முடியாது.

எங்கள் ஊருக்கு வாருங்கள். தொட்டியைக் காட்டுகிறோம். கரையில் நின்று கடலையும் காட்டுகிறோம். தொட்டிக்குள் இருப்பது எங்கள் தொழில். கடலுக்குள் இருப்பது நம் பிள்ளைகளின் சேமிப்பு, அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.